‘தனித்து வாழும் தாய்மார்கள் கையால் செய்த சோப்பு’: விசேஷத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று விசேஷம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. ‘தோட்டத்துத் தனித்து வாழும் தாய்மார்கள் வீட்டிலேயே கையால் செய்த சோப்பு’ என்று அட்டை கட்டி, விசேஷத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் டோர் கிஃப்ட் விற்கும் ஒரு நிறுவனத்திடம் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு 400 சோப்பு வாங்கினோம். அந்தச் சோப்பை எந்தத் தாயும் செய்யவில்லை. தொழிற்சாலைச் சோப்பின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி, ஒன்றை 6 வெள்ளி 50 காசுக்கு விற்றிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால், விசாரணை முடியும்வரை நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதே வேலையைச் செய்யும் மற்றவர்களையும் அடையாளம் காணலாம்.

டோர் கிஃப்ட் என்றால் பிளாஸ்டிக் டப்பாவோ கண்ணாடிக் குவளையோ கொடுத்துப் பழகிவிட்டோம். கொடுக்கிற காசு நம் ஆட்கள் யாருக்காவது போய்ச் சேரட்டும் என்று ஆசைப்பட்டவள் கல்யாணப் பெண்தான். எங்கள் அப்பா நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்து வீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போயின. புருஷன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் அந்த மாடிகளில் எத்தனையோ பேர். அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் இவர்கள் விற்றார்கள்.

வார இறுதிச் சந்தை ஒன்றில் கடை போட்டிருந்தார்கள். சணல் பை, அதற்குள் பழுப்புக் காகிதம் சுற்றிய சோப்பு, பையின் கழுத்தில் ஓர் அட்டை. அட்டையில் ஓர் அம்மாவின் படம்: நூல் சேலை, தலையில் வலை, கையில் அச்சுத் தட்டு. ‘நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சோப்பும் ஒரு குழந்தையின் பள்ளிச் செலவு’ என்று தமிழிலும் மலாயிலும் அச்சடித்திருந்தார்கள். மூலையில் பச்சை நிறத்தில் ஒரு செம்பனை ஓலை வரைந்து, சுற்றுச்சூழலைக் கெடுக்காத செம்பனை எண்ணெயில் செய்தது என்று எழுதியிருந்தது. விற்ற பெண் மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, உங்க கல்யாணத்தால பத்து அம்மாங்களுக்கு ஒரு மாசம் வேலை கிடைக்கும்” என்றார். பாண்டான் வாசனையில் 400 கேட்டோம், பாதிப் பணம் 1,300 வெள்ளி முன்பணம் கட்டினோம்.

சொன்ன தேதிக்குச் சோப்பு வரவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால், “கையால செய்யறதுக்கா, அவங்களை அவசரப்படுத்த முடியாது” என்று பதில். செய்கிற இடத்தின் படம் ஒன்று அனுப்பச் சொன்னோம். அட்டையில் இருந்த அதே படம் திரும்ப வந்தது. கல்யாண வாரத்தில் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு பெட்டிகளை இறக்கினார்கள். இரண்டு பெட்டி நசுங்கியிருந்தது. பாண்டானோடு லெவெண்டரும் கலந்து கிடந்தது. கல்யாண வேலை, யாருக்கும் சண்டை போட நேரமில்லை, சரி என்று விட்டோம்.

பைகளில் பெயர் அட்டை கட்டப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தோம். ஒரு சோப்பின் பழுப்பு ஸ்டிக்கர் ஓரத்தில் எழும்பியிருக்க, என் மகன் அதை உரித்துவிட்டான். அடியில் வழவழப்பான வெள்ளை லேபிள். அதில் வேறொரு பிராண்ட் பெயர், பார்கோடு, சேர்மானப் பட்டியல், ‘டிகிலாங்கான் ஓலே’ (தயாரித்தவர்) என்று போட்டு வேறு மாநிலத்துத் தொழிற்சாலையின் பெயர், முகவரி, தொகுதி எண். தயாரிப்புத் தேதி நாங்கள் ஆர்டர் கொடுப்பதற்கு எட்டு மாதம் முந்தையது. அடுத்ததை உரித்தோம், அதிலும் அப்படியே. பெட்டிக்கு ஐந்தாறு எடுத்து உரித்துப் பார்த்தோம். எல்லாம் ஒன்றுதான்.

மலேசியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும். விற்பனைக்கு வரும் ஒவ்வொன்றையும் சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.விடம் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்ததற்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் எண் ஒன்று கொடுப்பார்கள். அவர்களின் குவெஸ்ட் இணையத்தளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடினால் பதிந்தது யார் என்று தெரியும், காசு கட்ட வேண்டியதில்லை. அடி லேபிளில் இருந்த பெயர் அங்கே இருந்தது, பதிந்தவர் அந்தத் தொழிற்சாலைக்காரர். நாங்கள் வாங்கிய ‘தாய்மார் சோப்பு’ என்ற பெயரில் எதுவுமே இல்லை. அதே சோப்பு மொத்த விலையில் 1 வெள்ளி 80 காசுக்குக் கிடைக்கிறது. பை, அட்டைச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் 400 சோப்புக்கு 1,880 வெள்ளி வித்தியாசம். அந்தத் தாய்மாருக்குக் கூலி என்று நம்பித்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தோம்.

கைவேலைச் சோப்பைத் தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எண்ணெயையும் காரக் கரைசலையும் கலந்து அச்சில் ஊற்றி, கட்டியானதும் கத்தியால் துண்டு போடுவார்கள். ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கும், எடை துண்டுக்குத் துண்டு சற்று மாறும். சூடு காட்டாமல் செய்கிற முறையென்றால் நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் காய வைக்க வேண்டும். தொழிற்சாலைச் சோப்பு அப்படி இல்லை. ‘சோப் நூடுல்ஸ்’ என்று சொல்லும் சிறு துண்டுகளை வாசனையோடு இயந்திரத்தில் பிசைந்து, நீளமாகத் தள்ளி, வெட்டி, அச்சில் அமுக்குவார்கள். அந்த நூடுல்ஸ் உற்பத்தியில் நம் நாடு பெரிய கை, செம்பனைதான் காரணம். எங்களுக்கு வந்த 400 துண்டும் ஒரே அளவு, ஒரே எடை, நடுவில் அச்சு அமுக்கிய கோடு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சோப்பைப் பதிய வேண்டுமானால், செய்கிற இடம் நல்ல தயாரிப்பு முறை விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டு அடுப்படியில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே ‘வீட்டில் செய்தது’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் சோப்பு விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டே ஆக வேண்டும். உண்மையாக நடத்துபவர்கள், “சோப்பு பதிவுள்ள தொழிற்சாலையில் செய்கிறோம், பை தைப்பதும் கட்டுவதும் எங்கள் பெண்கள், அதற்கு இவ்வளவு கூலி” என்று நேராகச் சொல்வார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, நானே வாங்குவேன்.

விற்ற பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டோம். முதலில், “ஸ்டிக்கர் மாறியிருக்கும்க்கா, டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். மறுபடி அழைத்தபோது, “பேக்கிங் எல்லாம் அவங்கதான் செய்றாங்க, அதுவும் கைவேலைதானே” என்றார். எந்த ஊரில், எத்தனை பேர், ஒரு பைக்கு என்ன கூலி என்று கேட்டோம், பதில் இல்லை. பத்து விழுக்காடு நிதிக்குப் போகிறது என்று அட்டையில் போட்டிருக்கிறீர்களே, எந்த நிதி, ரசீது எங்கே என்று கேட்டோம், அதற்கும் பதில் இல்லை. கடைசியில் வேறொருவர் பேசினார். 300 வெள்ளி திருப்பித் தருகிறோம், முகநூலில் எழுதியதை எடுத்துவிடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டோம்.

கல்யாணத்தில் சோப்பைக் கொடுத்தோம், அந்த அட்டையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டோம். மாப்பிள்ளை பெண் பெயரோடு அந்தப் பொய் வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போகக் கூடாது என்று அண்ணி உறுதியாக இருந்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அட்டையில் இருந்த அம்மாவை நிபோங் திபாலில் இருக்கும் என் சித்திக்கு அடையாளம் தெரிந்தது. போய்ப் பார்த்தோம். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். “ஒரு நாள் மண்டபத்துல சோப்பு செய்யக் கத்துக்குடுத்தாங்கம்மா. இருபது பேர் போனோம். மீ கோரேங் குடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, வேலை வந்தா கூப்பிடுறோம்னு நம்பர் வாங்கிட்டுப் போனாங்க. இன்னும் கூப்பிடல.” அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். “என் மூஞ்சியக் காட்டி விக்கறவங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல? அக்கம்பக்கத்துல நான் அதுல சம்பாதிக்கிறேன்னு நினைப்பாங்களே” என்றார். கோபத்தை விட அவமானம்தான் அவர் பேச்சில் தெரிந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்று அவராகவே சொன்னார்.

“சோப்பு நல்லாத்தானே இருக்கு, விடுங்க” என்று உறவில் சிலர் சொன்னார்கள். நான் விட மாட்டேன். அவர்கள் விற்றது சோப்பை இல்லை, அந்த அம்மாவின் கஷ்டத்தை. நாளைக்கு உண்மையிலேயே பத்துப் பெண்களை வைத்துத் தைத்து விற்கும் ஒருத்தி அதே சந்தையில் கடை போட்டால், ஏமாந்தவர்கள் அவளிடமும் போகமாட்டார்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தில், பொருளை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதும் விவரிப்புதான். அதில் பொய் சொன்னால் குற்றம். கே.பி.டி.என். என்று நாம் சொல்லும் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வைக்க முடியாது. தீர்ப்புக்குப் பின் 14 நாளில் பணம் கட்டாவிட்டால் அது தனிக் குற்றம். படிவம் நிரப்பத் தயங்குகிறவர்கள் 1969 முதல் நம் தீவில் இயங்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், தமிழிலேயே பேசலாம்.

இனி வாங்குகிறவர்களுக்கு. நம் நாட்டில் சமூக நன்மைக்காக நடத்தும் சமூகத் தொழில்முனைவு என்று தனி வகை நிறுவனச் சட்டம் கிடையாது. பெயருக்குப் பின்னால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று இருந்தால் அது சாதாரணத் தனியார் நிறுவனம், லாபம் பங்குதாரருக்குத்தான். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம். தளத்தில் சில வெள்ளி கட்டி யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். தொழில்முனைவர் மேம்பாட்டு அமைச்சு 2019-இல் தொடங்கிய சமூகத் தொழில்முனைவு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத நல்லவர்களும் உண்டு, ஆனால் இருப்பதாகச் சொன்னால் சான்றிதழைக் காட்டட்டும். நன்கொடை போகிறது என்றால் எந்தச் சங்கத்துக்கு என்று கேட்டு அந்தச் சங்கத்துக்கே போன் போடுங்கள். பச்சை ஓலைப் படத்துக்கு மயங்காதீர்கள். சுற்றுச்சூழலைக் கெடுக்காத செம்பனை எண்ணெய்க்குச் சான்று முறை வைத்திருக்கும் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பு 2004-இல் தொடங்கியது, செயலகம் கோலாலம்பூரில்தான். அதன் உண்மையான முத்திரையோடு உரிம எண் ஒன்று அச்சாகியிருக்கும். அந்த முத்திரையில் ‘மிக்ஸ்ட்’ என்று இருந்தால், சான்று பெற்ற எண்ணெயோடு சாதாரண எண்ணெயும் கலந்திருக்கிறது என்று பொருள். எங்கள் அட்டையில் இருந்தது வெறும் ஓவியம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், செய்கிறவர்களை நேரில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். உண்மையாக இருந்தால் சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள்.

பழுப்புக் காகிதம், சணல் பை, சேலை கட்டிய அம்மா படம் என்று இதே மாதிரி சோப்பு உங்கள் வீட்டில் இருந்தால் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். முடி உலர்த்தும் கருவியால் கொஞ்சம் சூடு காட்டினால் கிழியாமல் வரும். அடி லேபிளைத் தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீது, புலன உரையாடல், அட்டை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். வாங்கி மூன்று ஆண்டுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆகவே போன தீபாவளிக்கு வாங்கியவர்களுக்கும் நேரம் இருக்கிறது. என்னிடம் படத்தை அனுப்பினால் எங்கள் தொகுதி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.