ஜிப்பா, டார்.ஜிஇசட்டா: பட்டியல் இருக்கும் இடத்தைப் பாருங்கள்

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கும் வடிவங்கள் ஜிப்பும் (.zip) டார்.ஜிஇசட்டும் (.tar.gz). இந்த இரண்டில் எது நன்றாகச் சுருக்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: உள்ளிருக்கும் கோப்புகளின் பட்டியல் எங்கே இருக்கிறது?

1989இல் ஃபில் காட்ஸ் கொண்டுவந்த ஜிப்பில் அது கடைசியில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் தனியாகச் சுருக்கப்பட்டு, தனக்கென ஒரு ஹெடரோடு (பெயர், அளவு போன்ற விவரங்கள் கொண்ட தலைக்குறிப்பு) வரிசையில் நிற்கும். எல்லாம் முடிந்த பிறகு மொத்த அட்டவணை. அதற்கும் பின்னால், குறைந்தது 22 பைட் உள்ள முடிவுக் குறிப்பு. மென்பொருள் வாலிலிருந்து படிக்கத் தொடங்கும். ஆயிரம் கோப்புகளில் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் நேராக அதன் இடத்துக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு ஆப்பின் ஏபிகே, வேர்ட் ஆவணமான டாக்எக்ஸ், மின்னூலான ஈபப் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான்.

டார்.ஜிஇசட்டில் கோப்புகளைக் கட்டுவது டார், கட்டியதைச் சுருக்குவது ஜிஜிப். டாரில் மொத்தப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. காந்த நாடாவில் முன்னோக்கி எழுதிக்கொண்டே போவதற்காக வந்த வடிவம் அது. எல்லாம் 512 பைட் கட்டங்கள். 1,000 பைட் கோப்பு என்றால் முதலில் ஒரு ஹெடர் கட்டம். அதில் அளவு ஆக்டல் (எட்டை அடிமானமாகக் கொண்ட) எண்ணாக, படிக்கக்கூடிய எழுத்தில் 00000001750 என்று இருக்கும். பிறகு தரவுக்கு இரண்டு கட்டங்கள், மிச்சமிருக்கும் 24 பைட்டும் சுழியம். யூனிக்ஸ் அனுமதிகளும் (கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பது) உரிமையாளர் விவரமும் ஹெடரிலேயே உண்டு. இந்த முழு வரிசையையும் ஜிஜிப் ஒரே ஓட்டமாகச் சுருக்குவதால், ஒன்றுபோன்ற சிறு கோப்புகள் நிறைய இருந்தால் ஜிப்பைவிட அளவு நன்றாகவே குறையும். ஆனால் கடைசிக் கோப்பு ஒன்றுக்காக முதலிலிருந்து விரித்தாக வேண்டும்.

பாதியில் அறுந்த டவுன்லோடில் டார்.ஜிஇசட் வந்தவரைக்கும் கொடுத்துவிடும். வாலில்லாத ஜிப்பைப் பல மென்பொருள்கள் திறக்கவே மறுக்கும். நடுவில் சில பைட்டுகள் கெட்டால் நிலைமை தலைகீழ்: ஜிப்பில் அந்த ஒரு கோப்போடு சேதம் நிற்கும், டார்.ஜிஇசட்டில் அதற்குப் பிறகுள்ளதை மீட்பது பெரும்பாடு. அதனால் சர்வரிலிருந்து சர்வருக்கு அனுப்ப டார்.ஜிஇசட், பல ஆண்டுகள் வைத்து அவ்வப்போது ஒன்றிரண்டை எடுக்க ஜிப் என்பதே என் தேர்வு.

ஜிப்பில் ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. கோப்பின் பெயரும் அளவும் ஹெடரில் ஒருமுறை, அட்டவணையில் ஒருமுறை பதிவாகின்றன; இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரே பெயரை அட்டவணையில் இருமுறை எழுதவும் முடியும். 2013இல் ஆண்ட்ராய்டில் வெளிப்பட்ட 'மாஸ்டர் கீ' ஓட்டை இந்த இரண்டாவது வகை: ஆப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த நிரல் ஒரு பதிவைப் படித்தது, ஆப்பை நிறுவிய நிரல் அதே பெயருள்ள இன்னொன்றை எடுத்தது. வெளியாரின் ஜிப்பை வாங்கிக் கையாளும் நிரல் எழுதுகிறவர்கள், உள்ளே பெயர் இரட்டித்திருந்தால் அந்த ஜிப்பையே அப்படியே நிராகரித்துவிடுங்கள்.