மூன்று டூரிங் வண்டிகள், ஒரு பின்சீட்டு

“மாமா, நெடுந்தூரம் போக எந்த மோட்டார் சைக்கிளை எடுக்கலாம்?” என்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் என் அக்கா மகன் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. மனசுக்குள் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடி என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் கேட்கிறான். யமஹா டிரேசர் 9 ஜிடியும் பிஎம்டபிள்யூ ஆர்1250ஆர்எஸ்ஸும் பேச்சுக்குச் சேர்த்தவை. ஆனால் இப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாமியார் வீடு ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 570 கிலோமீட்டர். பின்னால் மனைவி, பக்கப் பெட்டிகளில் துணிமணி. இந்த வழியை மனதில் வைத்தே மூன்றையும் எடைபோடுகிறேன்.

சுசுகி 152 எச்பி, பிஎம்டபிள்யூ 136, யமஹா 119. தாளில் பார்த்தால் சந்தேகமே இல்லை. அதிலும் சுசுகியின் 999 சிசி எஞ்சின் 2005-இன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000 பந்தய வண்டியின் வாரிசு. மேலே முறுக்கும்போது வரும் சத்தத்துக்கே பணம் கொடுக்கலாம். ஆனால் ஜோகன்னஸ்பர்க் கடலுக்கு 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். சுசுகியின் 152 அங்கே ஏறத்தாழ 125 ஆகிவிடும். சாலையில் வேக வரம்போ மணிக்கு 120 கிலோமீட்டர்.

அந்த வழியில் வரும் வேன் ரீனன் கணவாய் ஏற்றத்தில்தான் உண்மை தெரியும். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். இருவர் எடை, பெட்டிகள், பக்கவாட்டில் அறையும் காற்று. சுசுகியின் முழு டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை, 106 நியூட்டன் மீட்டர், அதுவும் 9,250 ஆர்பிஎம்மில். இரண்டு கியர் இறக்கினால்தான் லாரியைத் தாண்டும்; கியர் இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் இடிக்கும். பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் எஞ்சின் (இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருப்பது) 6,250-லேயே 143 தருகிறது. உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போனாலும் சுசுகி கடற்கரையில் தருவதைவிட அதிகம். அதே கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் போதும், பின்சீட்டில் தூங்குகிறவர்கூட விழிக்கமாட்டார்.

அடுத்தது செயின். பல வருஷத்துக்கு முன்பு வேறொரு வண்டியில் என் மனைவியோடு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். 300 கிலோமீட்டர் தாண்டி, வழியில் ஹாரிஸ்மித் ஊரில் டீ குடிக்க இறங்கினால், செயின் தொய்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் உரசிக்கொண்டிருந்தது. தெறித்த எண்ணெய் இடது பெட்டியின் மூடி இடுக்கு வழியே உள்ளே இறங்கி, அவள் பட்டுப்புடவையின் கரையில் கறுப்புப் புள்ளிகளாகப் படிந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் புடவை இன்னும் அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது. மூன்றில் பிஎம்டபிள்யூவுக்கு மட்டும்தான் செயினுக்குப் பதில் ஷாஃப்ட், அதாவது பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. மற்ற இரண்டிலும் செயினுக்கு எண்ணெய் போடுவதும் தொய்வு பார்ப்பதும் உன் வேலை, மருமகனே. ஒழுங்காகச் செய்தால் ஒரு குறையும் வராது. நான் செய்யவில்லை, அவ்வளவுதான்.

யமஹாவை லேசாக நினைக்காதே. 890 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல் பங்க்கில் நம் பக்கம் நிற்கும் வண்டி: நிதானமாக ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர், டாங்க் 19 லிட்டர். ஹாரிஸ்மித்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மிச்சம் இருக்கும். சுசுகிக்கு 6 லிட்டருக்கு மேல் வேண்டும். அதே 19 லிட்டர் டாங்க்கில் அங்கே சேரும்போது பெட்ரோல் தீருகிறது என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும். டிரேசரின் சஸ்பென்ஷன் சாலைக்கேற்பத் தானே மாறும். என்3-ஐ விட்டு டிராகன்ஸ்பர்க் மலைப்பக்கம் குழி விழுந்த சாலையில் போகும்போது முதுகு நன்றி சொல்லும். ஹேண்டில்பாரும் உயரம், மணிக்கட்டில் பாரம் விழாது.

விலையில் பிஎம்டபிள்யூதான் கடிக்கும். 2025-இல் அதன் அடுத்த மாடல் 1300 வந்துவிட்டது, அதனால் ஒழுங்காக சர்வீஸ் பார்த்த 1250-ஐ செகண்ட்ஹேண்டில் தேடச் சொல்வேன். அதற்கும் கை எட்டாவிட்டால் யமஹா. தனியாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஓட்டுகிறவனாக நீ இருந்திருந்தால் சுசுகியையே எடு என்று சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக்கு வா. என் 1250-இன் பின்சீட்டில் உட்கார்ந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போய் வரட்டும், நீ ஓட்டு. திரும்பி வரும்போது என் நண்பரின் டிரேசர். அவள் இறங்கி நிற்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாளா என்று மட்டும் பார்.