கோப்பிலா, மேடையிலா: ஃபிளிண்ட் நகரத்தில் இரு வழிகள்

பொதுச் சுகாதார வல்லுநர் தாம் கண்ட ஆபத்தை மேலதிகாரிக்கு எழுதிவிட்டு அமைதி காக்க வேண்டுமா, மக்கள் முன் வந்து அரசின் முடிவை மாற்றச் சொல்ல வேண்டுமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளிண்டில் இரண்டுமே ஒரே ஆண்டில் நடந்தன.

2014 ஏப்ரலில் அந்நகரம் செலவைக் குறைப்பதற்காக டெட்ராய்ட் குடிநீரைக் கைவிட்டு ஃபிளிண்ட் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்த ஈயம் நீரில் கரைந்தது. உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை அந்த நீரை நிறுத்திவிட்டது. வீடுகளிலோ குழந்தைகளுக்கு அதே நீரில்தான் பால்மாவு கரைக்கப்பட்டது.

முதல் வழியில் சென்றவர் மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் மிகெல் டெல் டோரல். 2015 ஜூனில் அவர் எழுதிய உள்குறிப்பு ஆபத்தைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் அது வெறும் வரைவு என்று ஒதுக்கப்பட்டது. இந்த வழியில் தவறான பீதி பரவாது, பதவிக்கும் பங்கம் வராது என்பது உண்மை. கோப்பைத் திறப்பதா மூடிவைப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் எழுதியவரிடம் இல்லை என்பதும் உண்மை.

குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா இரண்டாம் வழியைத் தேர்ந்தார். ஆய்விதழில் வெளிவரும் வரை காத்திராமல், ஐந்து வயதுக்குட்பட்டோரில் இரத்த ஈயம் மிகுந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய இரு மடங்கானதை 2015 செப்டம்பர் 24 அன்று செய்தியாளர்களிடம் கூறினார். மாநில அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், அவரது கணக்கையே குறை கூறினார்கள். ஒரு வாரத்தில் தங்கள் தரவும் அதையே காட்டியதை ஒப்புக்கொண்டார்கள். அக்டோபர் 16 அன்று நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது.

மேடையேறுபவர் தரவு தாங்காததையும் பேசிவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் இரு வழிகளிலும் பிழை நேர்ந்தால் விலை என்ன என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டுப் பேசியவர் தவறியிருந்தால் அவர் பெயர் கெட்டிருக்கும். மௌனம் தவறினால் பிள்ளைகளின் மூளையில் ஈயம் விளைவித்த சேதத்தை முழுமையாகத் திருப்ப முடியாது. இத்தகைய இடத்தில் நான் இரண்டாம் வழியையே கடமை என்பேன், மாநிலம் சரிபார்க்கக்கூடிய எண்கள் கையிலிருக்கும் வரை.

அந்த ஆய்வு 2016 பிப்ரவரி இதழில் அச்சேறியது. விகிதம் 2.4-லிருந்து 4.9 விழுக்காடாக உயர்ந்ததை அது பதிவு செய்தபோது, நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.