மருந்து வைத்தால் நார்மலா, சிசேரியனா? பென்சில்வேனியா கணிப்பான் எவ்வளவு தேறும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மகப்பேறு ஆய்வாளர்கள் உருவாக்கி 2018-ல் வெளியிட்ட இந்த இலவச இணையக் கணிப்பான் கேட்பது ஐந்தே விவரம். முன்பு பிரசவம் ஆனதுண்டா, 40 வாரம் முடிந்துவிட்டதா, உயரம், பிரசவத்தை ஒட்டிய எடையில் போட்ட பிஎம்ஐ, கர்ப்பவாயின் பிஷப் ஸ்கோர் (பிரசவத்துக்குக் கர்ப்பவாய் எவ்வளவு தயார் என்று விரலால் பார்த்துப் போடும் மதிப்பெண்). இவற்றைக் கொடுத்தால், வலி வர மருந்து வைத்த பிறகு சிசேரியனில் முடிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று ஓர் எண்ணைச் சொல்லும். குழந்தை எத்தனை மணிக்குப் பிறக்கும், ரத்தப்போக்கு வருமா, குழந்தைக்கு மூச்சுத் திணறுமா என்பதற்கெல்லாம் அதனிடம் பதில் கிடையாது.

யாரை வைத்துச் செய்தார்கள் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பிலடெல்பியாவில் ஒரே மருத்துவமனையில் 491 பெண்களிடம் நடந்த சோதனை அது. மிசோப்ரோஸ்டால் மாத்திரை, ஃபோலே பலூன் (கர்ப்பவாயைத் திறக்க உள்ளே வைத்து ஊதும் குழாய்), இரண்டும் சேர்த்து, பலூனோடு ஆக்சிடோசின் (வலி வர டிரிப்ஸில் ஏற்றும் மருந்து) என நான்கு வழிகளை ஒப்பிட்டார்கள். சேர்த்துக்கொண்டது 37 வாரம் தாண்டிய, ஒற்றைக் குழந்தை சுமந்த, பனிக்குடம் உடையாத, முன்பு சிசேரியன் ஆகாத பெண்களை மட்டும். கர்ப்பவாய் 2 செ.மீ.க்கு மேல் திறந்திருக்கக் கூடாது, பிஷப் ஸ்கோர் 6-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே தண்ணீர் உடைந்து வந்தவருக்கும், இரட்டைக் குழந்தைக்கும், 3 செ.மீ. திறந்து வந்தவருக்கும், முதல் பிரசவம் சிசேரியனான அம்மாவுக்கும் இதைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அப்படிப் போட்டாலும் ஓர் எண் வரத்தான் செய்யும். அதுதான் சிக்கல்.

துல்லியம்? வேறு மருத்துவமனைகளின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவப் பதிவுகளில் சோதித்தபோது ஏயுசி (ஆபத்து உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டும் திறனின் அளவு) சுமார் 0.73 வந்தது. சிசேரியன் ஆன ஒருவரையும் ஆகாத ஒருவரையும் ஜோடியாக எடுத்தால், நூறில் 73 ஜோடிகளில் சிசேரியன் ஆனவருக்கே கூடுதல் எண் கொடுத்திருக்கும். காசு சுண்டிப் பார்த்தால் 50. மோசமில்லை. ஆனால் தனி ஒருத்தியின் தலைவிதியைச் சொல்லும் அளவுக்கும் இல்லை.

கணக்கு கோணிப்போவது பெரும்பாலும் உள்ளே போடும் விவரத்தில்தான். முதல் குற்றவாளி பிஷப் ஸ்கோர். எட்வர்டு பிஷப் 1964-ல் இதை எழுதியது ஏற்கெனவே பிரசவித்த பெண்களுக்காக. 9-ம் அதற்கு மேலும் வந்தால் நம்பி வலி வரவழைக்கலாம் என்றார். இன்று தலைப்பிரசவத்துக்கும் அதே அட்டவணைதான் ஓடுகிறது. கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 3 வரை. கர்ப்பவாயின் மென்மை, அது பார்த்திருக்கும் திசை இரண்டுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 13.

ஐந்தும் விரலால் தடவிச் சொல்வது. ஒரே பெண்ணை இருவர் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 1 செ.மீ., 40 சதவீதம் மெலிவு, தலை மைனஸ் 2 (இடுப்பின் நடு மட்டத்துக்கு மேலே; மைனஸ் 3 என்றால் இன்னும் மேலே), நடுத்தர மென்மை, நடுவில் என்று எழுதினால் ஸ்கோர் 5. அடுத்த டியூட்டி டாக்டர் அதே 1 செ.மீ.யை ஒப்புக்கொண்டு 30 சதவீதம், மைனஸ் 3, நடுத்தரம், பின்னோக்கி என்றால் ஸ்கோர் 2. யாரும் பெரிய தப்பு செய்யவில்லை. ஆனால் கணிப்பானைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு வேறு பெண்கள். முடிந்தால் அனுபவமுள்ள ஒருவரே பார்த்து, ஐந்து பகுதிகளையும் தனித்தனியாகக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். வெறும் "பிஷப் 4" என்ற குறிப்பு பிறகு சரிபார்க்க உதவாது.

இன்னொன்று. சில ஊர்களில் புழங்கும் மாற்றியமைத்த பிஷப் அட்டவணையில், முன்பு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் ஒரு புள்ளி கூட்டுவார்கள். தலைப்பிரசவம், நாள் கடந்தது என்றால் ஒரு புள்ளி கழிப்பார்கள். அந்த ஸ்கோரை இங்கே போட்டால் ஒரே விஷயம் இரண்டு முறை எண்ணப்படும், ஏனென்றால் கணிப்பான் அவற்றைத் தனியாகவே கேட்கிறது. போட வேண்டியது கூட்டல் கழித்தல் இல்லாத ஸ்கோர். அதுவும் முதல் மாத்திரைக்கோ பலூனுக்கோ முன்பு பார்த்தது. மூன்று டோஸ் போன பிறகு கர்ப்பவாய் மென்மையாகிவிட்டதே என்று புது ஸ்கோரைப் போட்டு, எண் குறைந்துவிட்டதென்று மகிழக் கூடாது.

உயரமும் லேசுப்பட்டதல்ல. 68 கிலோ எடையுள்ளவர் 152 செ.மீ. என்றால் பிஎம்ஐ 29.4. யாரோ கண்ணளவில் 155 என்று எழுதிவிட்டால் 28.3. உயரம் கூடினாலும் ஆபத்து குறைவாகக் காட்டும், பிஎம்ஐ குறைந்தாலும் குறைவாகக் காட்டும். மூன்று சென்டிமீட்டர் தவறு இரண்டு வழியிலும் ஒரே பக்கம் இழுக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி அளக்க ஒரு நிமிடம் போதும். எடையும் அட்மிஷன் அன்று பார்த்ததாக இருக்க வேண்டும். அதே பெண் கர்ப்பத்துக்கு முன் 56 கிலோ இருந்திருந்தால் பழைய எடையில் பிஎம்ஐ 24.2, அதைப் போட்டால் கணக்கே வேறு.

40 வாரம் என்பது ஆம், இல்லை என்ற கேள்வி மட்டும். 39 வாரம் 6 நாளுக்கும் 40 வாரத்துக்கும் இடையே ஒரே இரவில் உடம்பில் எதுவும் தலைகீழாவதில்லை, ஆனால் எண் குதிக்கும். கடைசி மாதவிலக்குத் தேதி சந்தேகமாக இருந்தால் முதல் மூன்று மாத ஸ்கேன் தேதியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கேட்காத கேள்விகளும் உண்டு. எதற்காக வலி வரவழைக்கிறார்கள், சர்க்கரை உண்டா, ஸ்கேனில் குழந்தையின் எடை என்ன என்று எதுவும் இல்லை. எடையை விட்டதில் எனக்குக் குறையில்லை. கடைசி மாத ஸ்கேன் சொல்லும் எடை 10, 15 சதவீதம் தவறுவது சாதாரணம். இனம் என்ற கேள்வி இல்லாததும் நல்லதே. சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆகுமா என்று கணிக்கும் புகழ்பெற்ற அமெரிக்கக் கணிப்பானில் அது இருந்து, விமர்சனத்துக்குப் பிறகு 2021-ல்தான் நீக்கினார்கள்.

நம் ஊருக்கு இதை எடுத்துவரும்போது பெரிய இடறல் வேறு. சிசேரியன் முடிவு கர்ப்பவாயை மட்டும் பொறுத்ததல்ல, டாக்டர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதையும் பொறுத்தது. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைத்து ஆக்சிடோசின் டிரிப்ஸ் ஏற்றிய பிறகு குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பார்க்காமல் 'இன்டக்‌ஷன் ஃபெயிலியர்' (வலி வரவழைத்தது பலிக்கவில்லை) என்று எழுதக் கூடாது என்பது 2014 முதல் அமெரிக்க மகப்பேறு அமைப்புகளின் அறிவுரை. காலையில் மருந்து வைத்து மாலைக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோகும் இடத்தில் 20 சதவீதம் என்று வந்த எண்ணுக்கு மதிப்பேது? 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இது வலி வரவழைத்தவர்களின் கணக்கு மட்டுமல்ல என்றாலும், பிலடெல்பியா சதவீதத்தை அப்படியே நம்மவர் மேல் ஒட்ட முடியாது என்பதற்குப் போதும். யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்ற வரிசையை ஓரளவு நம்பலாம். சதவீதத்தை நம்ப வேண்டாம்.

சொந்த மருத்துவமனையில் பயன்படுத்த விரும்புவோர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. லேபர் வார்டு ரெஜிஸ்டரிலிருந்து வலி வரவழைத்த பழைய கேஸ்களை எடுத்து, மேலே சொன்ன விதிகளுக்குள் வருபவர்களுக்கு மட்டும் எண்ணைக் கணக்கிட்டு, 20-க்குக் கீழ், 20 முதல் 40, 40-க்கு மேல் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் உண்மையில் எத்தனை பேருக்கு சிசேரியன் ஆனது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கணிப்பு 30 சொல்லி நடந்தது 50 என்றால், வீட்டாரிடம் சொல்ல வேண்டியது 50. கூடவே, அந்த இடைவெளிக்குக் காரணம் பெண்களா அல்லது நம் அவசரமா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகவே போட்டுப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பரிசோதனை செய்யாமல் பிஷப் ஸ்கோர் கிடைக்காது. கிடைத்தாலும், 60 என்று வந்ததற்காக மருந்தே வைக்காமல் நேராக சிசேரியனுக்குப் போவதற்கு இது சீட்டு அல்ல. மீதி 40 பேர் அதே எண்ணோடு சுகப்பிரசவம் ஆனவர்கள். டாக்டரிடம் கேட்க உருப்படியான கேள்விகள் வேறு: என் ஸ்கோர் என்ன, மாத்திரையா ஜெல்லா பலூனா, மிசோப்ரோஸ்டால் என்றால் 25 மைக்ரோகிராம் மாத்திரையா, 200-ஐ உடைத்துத் தருவதா, டிரிப்ஸ் ஏற்றி எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள்?

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். லேபர் வார்டு டாக்டருக்கு மூன்றரை.