ஆளைத் திரும்பக் கூப்பிடுவதா, ஆபீஸை வீடாக்குவதா?

கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் எடுத்த வடிவத்துக்கு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் 'டோனட்' என்று பெயர் வைத்தார். நாம் மெதுவடை என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் கனம், நடுவில் ஓட்டை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் புறநகரில் காபி குடிக்கிறார். ஆபீஸ்கள் நிறைந்த நகர மையமான டவுன்டவுனில் காபிக்கடை ஷட்டரை இறக்குகிறது.

அடி எவ்வளவு பலம் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா தெரு 350ஆம் எண் ஒன்றே போதும். 22 மாடி. 2019இல் சுமார் 30 கோடி டாலர் பெறும் என்றார்கள். 2023இல் 6 கோடி சொச்சத்துக்கு விலைபோனது. அடி கட்டட முதலாளியோடு நிற்கவில்லை. பெரும்பாலும் டிக்கெட் காசை நம்பி ஓடிய, அந்த வட்டாரத்து நகர ரயிலான பார்ட்டும் ஆட்டம் கண்டது.

ஓட்டையை அடைக்க இரண்டு யோசனைகள் மோதுகின்றன.

முதலாவது, ஊழியர்களைத் திரும்ப வரவழைப்பது. அமேசான் 2025 ஜனவரி முதல் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. நகராட்சிக்குச் செலவே இல்லாத வழி. ஆனால் கடிவாளம் அதன் கையில் இல்லை. மேயர் கெஞ்சலாம், உத்தரவு போட முடியாது. பல கம்பெனிகளில் ஆட்கள் வருவதும் செவ்வாய் முதல் வியாழன் வரைதான். மதியச் சாப்பாட்டுக் கடைக்காரர் மூன்று நாள் வியாபாரத்தில் மாதம் முழுக்க வாடகை கட்ட வேண்டும்.

இரண்டாவது, காலிக் கட்டடத்தைக் குடியிருப்பாக்குவது. கேட்க எளிது. ஆபீஸ் கட்டடத்தின் தளம் அகலமானது. நட்டநடுவே விழுகிற அறைக்கு ஜன்னல் கிடையாது. கழிவறைகளும் குழாய்களும் லிஃப்டை ஒட்டி ஒரே இடத்தில் குவிந்திருக்கும். வீட்டுக்கு வீடு பாத்ரூம் வேண்டுமானால் தளம் தளமாகத் துளை போட வேண்டும். நியூயார்க்கின் வாட்டர் தெரு 25ஆம் எண் கட்டடத்தில் வெளிச்சத்துக்காக நடுவே இரண்டு முற்றங்களையே வெட்டி எடுத்தார்கள். செட்டிநாட்டு வீட்டில் கட்டும்போதே விடுகிற முற்றம், அங்கே பிறகு குடைந்தது! வெட்டிய இடத்துக்கு ஈடாக மேலே மாடிகளை ஏற்றி, 1,300க்கும் மேல் வீடுகள் ஆக்கிவிட்டார்கள்.

இந்தச் செலவை யார் தாங்குவது என்பதில்தான் கனடாவின் கால்கரி வேறுபடுகிறது. 2014இல் எண்ணெய் விலை விழுந்தபோதே அந்த ஊர் ஆபீஸ்கள் காலியாகத் தொடங்கின. கொரோனா மிச்சத்தையும் துடைத்தது. எண்ணெய்க் கம்பெனிகள் பழையபடி வந்து நிரப்பும் என்று காத்திருக்காமல், 2021இல் நகராட்சியே சதுர அடிக்கு 75 கனடிய டாலர் மானியம் அறிவித்தது. 2031க்குள் 60 லட்சம் சதுர அடி ஆபீஸைக் கணக்கிலிருந்து எடுப்பது இலக்கு. சான் பிரான்சிஸ்கோ 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தி, இப்படி மாற்றிய கட்டடம் முதல்முறை கைமாறும்போது விதிக்கும் வரியைத் தள்ளுபடி செய்தது. எப்போதோ விற்கும்போது வரும் சலுகை, இன்று கொத்தனாருக்குக் கொடுக்க உதவாது. பணமாகக் கொடுத்த ஊரில் வேலை நடக்கிறது.

என் ஓட்டு கால்கரிக்கு. ஊழியர் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். குடியிருப்பவர் ஏழு மணிக்குப் பால் வாங்க இறங்குவார், ஞாயிற்றுக்கிழமையும் இறங்குவார்.

ஒரு உறுத்தல் மட்டும் உண்டு. கால்கரியில் பிளஸ் 15 என்று, தெருவுக்குப் பதினைந்து அடி மேலே கட்டடங்களை இணைக்கும் மூடிய பாலங்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன, குளிர் அப்படி. அதிலுள்ள சாப்பாட்டுக் கடைகள் ஆபீஸ்காரரின் மதிய இடைவேளைக்கென்றே பிறந்தவை. வீட்டில் சமையலறை வைத்திருப்பவர் பன்னிரண்டரை மணிக்கு அங்கே வரிசையில் நிற்க மாட்டார். மளிகைக் கடையும் முடிதிருத்தகமும் பிழைக்கும். சாண்ட்விச் கடைக்கு இந்த மானியத்தில் ஒரு டாலர்கூட இல்லை.