நைட்ரிக் ஆக்சைடா, மின்வழித் தளர்வா: சிறு தமனிகளில் எதற்கு முதலிடம்?

இரத்த அழுத்தப் பாடத்தில், நாளச்சுவரைத் தளர்த்தும் இரண்டு வழிகளுள் எதை முதலில் பலகையில் வரைவது என்று நான் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. பல ஆண்டுகள், நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் வெளியிடும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடையே முதலில் வரைந்தேன். இப்போது, சிறு தமனிகளைப் பொறுத்தவரை, உட்சுவர்ச் செல்லில் எழும் மின்மாற்றம் தசைச் செல்லுக்குப் பரவி அதைத் தளர்த்தும் மின்வழித் தளர்வுக்கே முதலிடம் தருகிறேன்.

நைட்ரிக் ஆக்சைடின் பெருமை எல்லோரும் அறிந்ததே. உட்சுவர்ச் செல்கள் இல்லையேல், நரம்புச் செய்திப் பொருளான அசிட்டைல்கோலின் முயலின் பெருந்தமனியைத் தளர்த்துவதில்லை என்று அமெரிக்க அறிவியலாளர் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார்; அச்செல்கள் வெளியிடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1987இல் தெளிவாகி, 1998இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதை உண்டாக்கும் நொதி இல்லாத எலிகளுக்கு இரத்த அழுத்தம் உயர்கிறது என்பதையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கதை தொடங்கிய பெருந்தமனி, இரத்த ஓட்டத்துக்கான தடையை நிர்ணயிக்கும் இடமன்று. ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பதால், அந்த வேலை பெரும்பாலும் 400 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நாளங்களில்தான் நடக்கிறது.

என் மனம் மாறியது, நாளத் துண்டின் இறுக்கத்தை அளக்கும் மயோகிராஃப் கருவியின் முன்னால்தான். எலியின் குடலைத் தாங்கும் சவ்விலிருந்து எடுத்த, சுமார் 200 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தமனித் துண்டை இரண்டு மெல்லிய கம்பிகளில் கோத்து, ஃபினைல்எஃப்ரினால் சுருங்கச் செய்துவிட்டு, நைட்ரிக் ஆக்சைடு, நாளத்தைத் தளர்த்தும் மற்றொரு பொருளான புரோஸ்டாசைக்ளின் இரண்டின் உற்பத்தியையும் தடுத்த பின் அசிட்டைல்கோலினைச் சேர்த்தேன். பெருந்தமனித் துண்டு இறுக்கம் தளராமல் நின்றது. சிறு தமனியிலோ திரையில் தெரிந்த கோடு தயக்கமின்றிக் கீழே சரிந்தது. தேனீ நஞ்சிலிருந்து கிடைக்கும் அபாமினையும், டிராம்-34 என்னும் செயற்கைச் சேர்மத்தையும் சேர்த்த பிறகே அந்தத் தளர்வு மறைந்தது. இவை இரண்டும் தடுப்பவை உட்சுவர்ச் செல்களின் பொட்டாசியம் வாயில்கள். அச்செல்லில் கால்சியம் கூடும்போது அவ்வாயில்கள் திறந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. செல்லின் உட்புறத்தில் எதிர்மின் தன்மை மிகுகிறது. அம்மாற்றம், செல்களை நேரடியாக இணைக்கும் நுண்துளைகளான கேப் ஜங்ஷன்கள் வழியே தசைச் செல்லை அடைந்து, அதன் கால்சியம் வாயில்களை மூடிவிடுகிறது; தசை தளர்கிறது.

எனக்குத் தீர்மானமாகப் பட்ட காரணம், செய்தி வழியில் எவ்வளவு இழப்பாகிறது என்பதுதான். நைட்ரிக் ஆக்சைடின் ஆயுள் சில வினாடிகளே. அருகில் ஓடும் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துவிடுகிறது. ஆக்சிஜனின் வினைமிக்க வடிவமான சூப்பர்ஆக்சைடும் அதை அழிக்கிறது. போதாததற்கு, சிறு தமனிகளில் உட்சுவர்ச் செல்லும் தசைச் செல்லும் தொடும் இடத்திலேயே, ஹீமோகுளோபினின் ஓர் அங்கமான ஆல்ஃபா குளோபின் என்னும் புரதம் காவலுக்கு நிற்கிறது என்று 2012இல் தெரியவந்தது. அதன் இரும்பு ஒடுக்க நிலையில் ஆக்சிஜனைத் தாங்கியிருந்தால் நைட்ரிக் ஆக்சைடு நைட்ரேட்டாக மாறி வீணாகிறது. ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்தால் பெரும்பகுதி தப்பித் தசையை அடைகிறது. அந்த இரும்பை மீண்டும் ஒடுக்க நிலைக்குக் கொண்டுவருவது சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் 3 என்னும் நொதி. இதைக் குறை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது, நுட்பமான கட்டுப்பாடும் இதில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கணமும் புதிதாக உற்பத்தி செய்தால்தான் இந்தச் செய்தி நிலைக்கும்.

மின்மாற்றத்துக்கு இந்த இழப்பு இல்லை. நாளம் சிறுக்கச் சிறுக்க இரு வகைச் செல்களும் தொடும் புள்ளிகள் மிகுவது எலியின் குடல் தமனிகளில் காணப்பட்டுள்ளது. மேலும், அம்மாற்றம் உட்சுவர் நெடுகிலும் சில மில்லிமீட்டர் தொலைவுக்குப் பரவி, இரத்தம் வரும் திசையிலுள்ள தாய் நாளத்தையும் தளர்த்துகிறது. கடைக்கோடி நுண்தமனி மட்டும் விரிந்து, அதற்கு இரத்தம் தரும் நாளம் இறுகியே இருந்தால் பயன் சிறிதே.

இருந்தாலும், என் கையால் செய்து பார்த்தவை எலியின் நாளங்களே. மனிதரின் முன்கைத் தமனியில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தால் இரத்த ஓட்டம் கணிசமாகக் குறைகிறது என்பதால், மின்வழிக்கே எல்லாப் பெருமையும் என்று கூற நான் துணியமாட்டேன். மருந்து என்று வரும்போதும் என் தேர்வு தலைகீழாகிவிடும். நைட்ரோபுருசைடு போன்ற நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்துகள் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன, மின்வழியைத் தூண்டும் சேர்மங்களோ பெரும்பாலும் விலங்குச் சோதனை அளவிலேயே நிற்கின்றன. ஆகவே மருந்தியல் வகுப்பில் பழைய வரிசையையே பின்பற்றுகிறேன். உடலியங்கியல் வகுப்பில் மட்டும் இரண்டு செல்களையும் அவற்றை இணைக்கும் கேப் ஜங்ஷனையும் முதலில் வரைகிறேன்.