தோட்டத்துக்குப் பெயர் வைக்க 7,500 ரூபாய், போர்டு எழுத 3,200: எது செலவு, எது தண்டம்

பழனி மலையில், தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு மூன்றே கால் ஏக்கர். காபி, முருக்கு மரத்தில் ஏற்றிய மிளகு, ஓரத்தில் பதினாறு பட்டர் ஃப்ரூட் மரம், ஒரு மூலையில் மலைவாழை, நாலு தேன் பெட்டி. பழத்தைப் பறித்து, களத்தில் காயவைத்து, மூட்டையாக வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்த வரைக்கும் தோட்டத்துக்கு என்ன பெயர் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் தம்பி, நாமே வறுத்து அரைத்து கால் கிலோ பாக்கெட்டாக விற்கலாம் என்று ஆரம்பித்தான். பாக்கெட் என்றால் லேபிள், லேபிள் என்றால் பெயர். வீட்டில் நாலு பேர், ஆறு பெயர், மூன்று வாரம் சண்டை.

அம்மாவுக்கு முருகன் பெயர்தான் வேண்டும். பழனி மலையில் இருந்துகொண்டு அது தப்பில்லைதான், ஆனால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று சுற்றிப் பார்த்தால் டீக்கடையிலிருந்து டயர் கடை வரைக்கும் அவர் பெயர்தான். எனக்குப் பேகன் மேல் ஆசை. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல், இந்த மலையை ஆண்டவன், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். போனில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், மூன்று பேர் "வீகனா?" என்று கேட்டார்கள். சித்தப்பா எண் கணிதம் பார்ப்பவரிடம் போய், எந்தப் பெயர் வைத்தாலும் ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு 'ஏ' கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்கி வந்தார். பெயரே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் வால் வந்துவிட்டது.

சரி, வெளியாள் யாராவது சொன்னால் சண்டை நிற்கும் என்று, இன்டர்நெட்டில் விளம்பரம் பார்த்து ஒரு பெயர் வைக்கும் சேவைக்கு 7,500 ரூபாய் கட்டினோம். யார் என்று சொல்லப் போவதில்லை, இந்த மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பேக்கேஜ்தான் தருகிறார்கள். பத்துப் பெயர், இரண்டு லோகோ, இருபது நிமிட வீடியோ கால். முதலில் நிரப்பச் சொல்லி ஒரு ஃபார்ம் வந்தது. அதில் ஒரு கேள்வி, உங்கள் பிராண்ட் ஒரு விலங்காக இருந்தால் எந்த விலங்கு? தம்பி யோசிக்கவே இல்லை, காட்டுமாடு என்று எழுதினான், அது வாரத்துக்கு ஒரு தடவை வேலியைச் சாய்த்துவிட்டுப் போவதால். அதை அவர்கள் 'வலிமை' என்று குறித்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் பிடிஎஃப் வந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்துப் பெயரில் நாலில் 'மிஸ்ட்', மூன்றில் 'குறிஞ்சி', ஒன்றில் 'ஆர்கானிக்', ஒன்றில் 'கொடைக்கானல்', கடைசி ஒன்று எந்த மொழி என்றே புரியவில்லை. குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018இல், அடுத்து 2030. எங்கள் காபி வருஷா வருஷம் பூக்கிறது. அதுவும் போக எங்கள் தோட்டம் இருக்கும் உயரத்தில் நான் ஒரு குறிஞ்சிச் செடிகூடப் பார்த்ததில்லை, அதெல்லாம் மேலே புல்வெளிப் பக்கம். ஆர்கானிக் என்ற வார்த்தையைச் சான்றிதழ் இல்லாமல் கடைக்குக் கொடுக்கும் பாக்கெட்டில் போட முடியாது. எங்களிடம் சான்றிதழ் இல்லை என்று ஃபார்மிலேயே எழுதியிருந்தோம், படிக்கவில்லை போல. கொடைக்கானல் என்று ஊர்ப் பெயரை மட்டும் வைத்தால் டிரேட்மார்க் பதிவில் ஆட்சேபம் வரும், ஊர்ப் பெயரை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது இல்லையா. தவிர லேபிளில் முழு முகவரி போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம், ஆக தாண்டிக்குடி எப்படியும் பாக்கெட்டில் வந்துவிடும், பெயரிலும் அதைத் திணிக்கத் தேவையில்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் வேறு. டிரேட்மார்க் தேடல் அரசு இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. பொருளை வகை வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு எண் கொடுத்திருக்கிறார்கள். காபி, மிளகுத்தூள், தேன் எல்லாம் 30ஆம் வகுப்பு, பறித்தபடியே விற்கும் பழம் 31, ஜாம் போட்டால் 29. நானும் தம்பியும் ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடினோம், பத்தில் மூன்று பெயர் அச்சு அசலாக 30ஆம் வகுப்பில் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தது. கேட்டால், அது சட்ட வேலை, தனி பேக்கேஜ் என்கிறார்கள். அடுத்தவர் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டைப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்பது போல. லோகோ இரண்டிலும் பச்சை இலை, பச்சை மலை. தமிழ் எழுத்து கீழே எறும்பு அளவில். தமிழ்நாட்டில் கடை போர்டு என்றால் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது, நாளைக்குக் கீழே ஒரு கடை போட்டால் அந்த லோகோவை அப்படியே மாட்ட முடியாது.

எப்படியும் கேட்டில் ஒரு போர்டு வேண்டும் என்று வத்தலக்குண்டில் ஒரு பெயின்டரிடம் போனேன். அறுபது வயது இருக்கும், கையால் எழுதுபவர், இப்போது அந்த மாதிரி ஆட்கள் குறைவு. என்ன பெயர் என்று கேட்டார், முடிவாகவில்லை என்றேன். சிரிக்கவில்லை. "ஏம்மா, பஸ்ல போறவன் படிக்கணுமா, நடந்து வர்றவன் படிக்கணுமா?" என்றார். பஸ்ஸில் போகிறவர்கள்தான், வளைவில் இருக்கிறது என்றேன். "அப்ப ரெண்டு வார்த்தைக்கு மேல வேணாம். சரி, ஜீப்காரங்க உங்க தோட்டத்துல இறங்கணும்னா என்ன சொல்லி இறங்குவாங்க?"

7,500 ரூபாய் ஃபார்மில் இந்தக் கேள்வி இல்லை.

ஜீப்காரர்கள் சொல்வது 'மிலிட்டரிக்காரர் தோட்டம்'. தாத்தா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து இந்த இடத்தை வாங்கியவர். அதைச் சொன்னதும் பெயின்டர் அண்ணன் தலையை ஆட்டினார், "மிலிட்டரின்னு எழுதினா பிரியாணிக் கடைன்னு இறங்கிடுவான்." வாஸ்தவம். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கூலிக்கு வரும் பெரியவர்கள் தாத்தாவைப் பட்டாளத்தார் என்றுதான் சொல்வார்கள். 'பட்டாளத்தார் தோட்டம்'. அம்மாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு முருகனும் படைத்தளபதிதானே என்று தானாகவே சமாதானம் ஆகிக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. பெயர் நீளம். ப, ட், டா, ள, த், தா, ர் என்று ஏழு எழுத்து, அதில் இரண்டு கால் வாங்குவதால் ஒன்பது எழுத்து இடம் பிடிக்கும் என்று பெயின்டர் சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் எத்தனை 'டி', எங்கே 'ஹெச்' என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள், ஆன்லைனில் தேடி வருபவர்களில் சிலரை இதனால் இழக்கிறோம் என்று தம்பி இன்னும் முணுமுணுக்கிறான், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 30ஆம் வகுப்பில் தேடியபோது அப்படி ஒரு பெயர் இல்லை. தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷத்துக்குச் செல்லும். நாங்களே போட்டோம். பழத்துக்கான 31 அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

போர்டு ஆறுக்கு மூன்று அடி தகரம், எனாமல் பெயின்ட், 3,200 ரூபாய், இரும்புக் கால் தனி. பச்சை கேட்டேன், முடியாது என்றார், மலையில் பச்சை போர்டு செடியோடு செடியாகப் போய்விடுமாம். மஞ்சளில் கறுப்பு எழுத்து. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, ரேஷன் கடை மாதிரி இருந்தது. மார்கழிப் பனியில் ஒரு நாள் விடிகாலை பஸ்ஸில் வந்தபோது மரம், கேட், வேலி எதுவும் தெரியவில்லை, அது மட்டும் தெரிந்தது. இரண்டு ஐப்பசி மழை தாங்கிவிட்டது, 'தோட்டம்' கடைசி எழுத்தில் மட்டும் லேசாக உரிந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஃப்ளெக்ஸ் ஒரே மழைக்காலத்தில் வெளுத்துக் கிழிந்தது.

பெயர் சேவைக்கு ஐந்துக்கு ஒரு மார்க், அதுவும் பிடிஎஃப் அழகுக்காக. பெயின்டருக்கு நாலு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் தாமதம், பழனியில் பங்குனி உத்திர வேலைக்குப் போய்விட்டார். சாக்பீஸ் கோடு போடும்போது ஒரு தடவை 'ள'வுக்குப் பதில் 'ல' போட்டதையும் நான்தான் பார்த்துச் சொன்னேன், அதனால் பெயின்ட் தொடும் முன்னால் நேரில் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாதிப் பணம் முன்னால் கேட்பார். தை, பங்குனி மாதங்களில் போகாதீர்கள், கிடைக்க மாட்டார்.